முப்பத்தோரு ஆட்டங்கள்

அலுவலகம் என்னை ஒரு வாரம் பெங்களூருக்குப் போய்வரச் சொன்னபோது, அங்கே என்னென்ன சாப்பிட வேண்டும் என்று மனைவி பட்டியல் போட்டுக் கொடுத்தாள். எனக்கு அந்த ஊரில் ஒரே ஒருவரைத்தான் தெரியும். அவரையும் நேரில் பார்த்ததில்லை. பெயர் ஜெயசீலன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நான் ஓர் அநியாயம் செய்திருந்தேன். விமானத்தில் ஏறும்போதே அவரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. பார்க்கும் தைரியம் வருமா என்பதுதான் தெரியவில்லை.

முதலில் நான் ரசிக்கும் கால்பந்து கிளப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது அரக்கோணத்தில். இருபத்து நான்கு வயதில் அமெரிக்கா போனேன். இப்போது ஓஹையோ மாநிலத்தில் வீடு, வேலை, அந்த நாட்டுக் குடியுரிமை எல்லாம் ஆகிவிட்டது. போன முதல் குளிர்காலத்தில் சனிக்கிழமைக் காலைகளைத் தள்ளுவது பெரும்பாடாக இருந்தது. கார் கிடையாது, வெளியே முழங்கால் வரை பனி. தொலைக்காட்சியைப் போட்டால் இங்கிலாந்தில் கால்பந்து நடந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு மதியம் மூன்று மணி, எங்களுக்குக் காலை பத்து. ஒரு நாள் பெரிய கிளப் ஒன்றோடு ஒரு சின்ன ஊரின் கிளப் மோதியது. வட இங்கிலாந்தில் பழைய பஞ்சாலை ஊர் அது. பெயரைச் சொன்னால் அந்த நாட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். மழையில் நனைந்துகொண்டு நின்ற அந்த ஊர்க்காரர்கள் மட்டும் கடைசி வரை பாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்தும் அவர்கள் கலையவில்லை. அறையில் தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்றுகொள்ள வேண்டும் போலிருந்தது.

அன்றைக்குப் பிடித்தது, இருபத்திரண்டு வருடமாக விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இறங்கி, வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்த அதிகாரி, அரக்கோணமா என்று தமிழில் கேட்டார். ஆமாம் என்றேன். தன் மாமியார் வீடு திருத்தணி என்று சொல்லி முத்திரை குத்தினார். இருபத்திரண்டு வருடமாக எந்த வரிசையில் நின்றாலும் எனக்கு இது நடக்கும். அமெரிக்கர்களுக்கு நான் இந்தியன். இந்தியாவில் இறங்கினால் வெளிநாட்டவன். இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களிடம் போனால், எங்கள் ஓஹையோ ரசிகர் கூட்டம் முழுவதுமே வேண்டாத விருந்தாளி.

தங்கியது ஓசூர் சாலைப் பக்கம், அலுவலகத்துக்கு அருகில். திங்கள் காலை விடுதிக்கு வெளியே ஒரு சிறிய கடையில் நின்றபடி மசாலா வைக்காத காலி தோசையும், காரா பாத் என்று அவர்கள் சொல்லும் ரவை உப்புமாவும் சாப்பிட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ‘பை டூ’ என்று சொல்லி ஒரு காபியை இரண்டாகப் பங்கிட்டு வாங்கினார்கள். ஓஹையோவில் ஒரு காபி வாளி அளவுக்கு வரும். யாரும் பங்கு போட மாட்டார்கள். இங்கே இரண்டு மடக்குக் காபிக்குக்கூட ஓர் ஆள் துணைக்கு வேண்டியிருக்கிறது. தனியாக நின்ற நான் முழுக் காபி வாங்கினேன்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கான கருவிகள் செய்கிறது. புதிய கருவி ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பது எனக்கு இடப்பட்ட வேலை. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில் இளம் பொறியாளர்கள் கால்பந்து பேசினார்கள். ஒருவன் கைப்பேசி உறையிலேயே லண்டன் கிளப்பின் சின்னம். இன்னொருவன் அதற்குப் பகையான கிளப். முந்தின வாரத் தோல்வியைச் சொல்லி ஒருவரையொருவர் நையாண்டி செய்துகொண்டு பிசிபேளாபாத்தை அள்ளினார்கள். நீங்கள் எந்த கிளப் சார் என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்பதை மரியாதையாக மறைத்துக்கொண்டு, அங்கே போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்று சொல்லாமல், தயிர்சாதம் எங்கே எடுப்பது என்று கேட்டேன்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நாங்கள் ஓஹையோவில் பதினோரு பேர். சனிக்கிழமைக் காலை பத்து மணிக்கு ஒரு மதுக்கடையின் பின்பக்க அறையில் கூடி, முட்டையும் ரொட்டியும் தின்றபடி ஆட்டம் பார்ப்போம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை இங்கிலாந்தில் நேரடியாக ஒளிபரப்பக் கூடாது. மக்கள் மைதானத்துக்கு வர வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு கட்டுப்பாடு. அதனால் ஓஹையோவில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் பார்க்கும் ஆட்டத்தை, அந்த ஊரில் காய்ச்சலில் படுத்திருக்கும் ரசிகர் பார்க்க முடியாது. இணையத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு குழு இருந்தது. ஊர்க்காரர்கள், நாங்கள், வேறு நாடுகளைச் சேர்ந்த சிலர். ஊர்க்காரர்களுக்கு எங்கள் மேல் ஓர் இளக்காரம். நாங்கள் பயன்படுத்தும் சொற்களைக் கேலி செய்வார்கள். ஒரு தோல்விக்குப் பிறகு ஒருவர் எழுதினார், ‘உங்களில் யாராவது ஒரு நாளாவது எங்கள் மழையில் நின்றிருக்கிறீர்களா?’

நான் நின்றிருக்கிறேன் என்று எழுதினேன். நான்கு வருடத்துக்கு முன், ஒரு நவம்பரில், பார்வையாளர்களின் கிழக்கு மேடையில். மைதானத்தின் படங்களை அத்தனை வருடம் பார்த்திருந்ததால் எழுதுவது எளிதாக இருந்தது. அவ்வளவு மழையா என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள், சிரித்தார்கள். என் நண்பர்கள் பெருமைப்பட்டார்கள். குழுவில் என் பெயர் சன்னி. சுந்தரராஜன் அமெரிக்க வாயில் நுழையாமல் அப்படிச் சுருங்கிவிட்டது. சன்னி போய்வந்தவன் என்று ஆனபிறகு என்னைக் குழுவின் நிர்வாகிகளில் ஒருவனாகவும் ஆக்கினார்கள்.

ஜெயசீலன் குழுவில் அதிகம் எழுதாதவர். பெங்களூர், மர்பி டவுன் என்று மட்டும் போட்டிருப்பார். ஒரு நாள் அவர் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார், ‘சார், நீங்கள் எந்த கேட் வழியாக உள்ளே போனீர்கள்? ரயில் பாதைப் பக்கம் வேனில் தேநீர் விற்கும் அம்மாவைப் பார்த்தீர்களா? அவருடைய கை குணமாகிவிட்டதா?’

கேள்வியை இரண்டு முறை படித்தேன். கேட் எத்தனை என்பதே தெரியாது. என்னைச் சிக்கவைக்கத்தான் இந்த ஆள் கேட்கிறார் என்று நினைத்தேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்ததுமே தமிழர் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் இன்னொரு தமிழர் இருப்பது எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. கேள்வியை அழித்தேன். அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். விளம்பரம் போடுகிற ஆள், எடுத்துவிட்டேன் என்று மற்றவர்களுக்கு எழுதினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்று மாலை அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு வரி வந்தது. ‘சார், என்னிடம் ஏதாவது தவறா?’ நான் பதில் போடவில்லை.

புதன்கிழமை மாலை சிவாஜிநகருக்குப் பேருந்தில் போனேன். மனைவியின் பட்டியலில் அங்கே கிடைக்கும் சீக் கபாப் முதலில் இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, நடத்துநர் கன்னடத்தில் வழி சொல்ல, பின்னால் இருந்த ஒரு பெரியவர் அதை உருதுவில் விளக்க, கடைசியில் பூ வைத்திருந்த ஒரு பெண் தமிழில் சொன்ன பிறகு இறங்கினேன். இறைச்சிக் கடைகளையும் துணிக் கடைகளையும் தாண்டி நடந்தபோது ஓர் ஆட்டோக்காரர் மர்பி டவுன், அல்சூர் என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இத்தனை அருகிலா என்று இருந்தது. கபாபைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். விடுதிக்குத் திரும்பியதும், இரண்டு வருடமாகப் பதில் இல்லாமல் கிடந்த அந்த வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். நான் பெங்களூரில் இருக்கிறேன், உங்களைப் பார்க்க முடியுமா.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘மிக்க மகிழ்ச்சி சார். சனிக்கிழமை வாருங்கள். நம் ஆட்டம் வீட்டிலேயே பார்க்கலாம்.’

அந்தச் சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். இந்திய நேரம் மாலை ஏழரை. ஐந்து மணிக்கே கிளம்பியும், பாதி வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒரு பாலத்தின் அடியில் முழங்கால் அளவு தண்ணீரில் ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, இனி இது நாளைக்குத்தான் என்று கன்னடத்தில் சொல்லி, சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மர்பி டவுனில் சர்ச் எதிரே நிற்கிறேன் என்று ஜெயசீலன் சொல்லியிருந்தார். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், விரித்த குடை ஒன்றும் மடித்த குடை ஒன்றுமாக, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அருகே போனேன். வழி கேட்க வந்தவன் என்று நினைத்து ஒதுங்கி, என்னைத் தாண்டிப் பார்த்தார்.

“ஜெயசீலன்?” என்றேன்.

“யெஸ்?”

“நான்தான் சன்னி.”

அவர் என் முகத்தையும் வெறுங்காலையும் பார்த்தார். “நீங்க தமிழா சார்? நான் வெள்ளக்காரர் வருவார்னு இல்ல பாத்துட்டிருக்கேன்” என்றார். மடித்த குடையை விரித்து என் கையில் கொடுத்தார்.

வீடு சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில். இரண்டு அறைகள். அவர் மனைவி ஸ்டெல்லா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மகள் பிரியா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்காக ஒரு புது நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. மேசையில் ஐந்தாறு தண்ணீர்ப் பாட்டில்கள், வெண்ணெய் தடவிய ரொட்டி. அமெரிக்கர் வருகிறார் என்று ஸ்டெல்லா மிளகாயே போடாமல் கோழி வைத்திருந்தார். நான் அரக்கோணம் என்று தெரிந்ததும் சிரித்தபடி அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய், தங்களுக்கு வைத்திருந்த குழம்பைக் கொண்டுவந்தார். “இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ஒரு வேலை மிச்சம், அண்ணா” என்றார். துடைத்துக்கொள்ளத் துண்டும், போட்டுக்கொள்ளச் செருப்பும் தந்தார்கள். வந்த விஷயத்தைச் சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். அந்த வீடு என்னை நடத்திய விதத்தில் வாய் வரவில்லை.

ஜெயசீலன் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு உதவியாளர். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, சக்கர நாற்காலியில் தள்ளிப்போவது எல்லாம் செய்வார். அதற்கு முன்னால் எங்கே என்று கேட்டபோது, கொஞ்ச நாள் வெளியே இருந்தேன் என்று மட்டும் சொன்னார். அதற்குள் பிரியா தன் கைப்பேசியிலிருந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றிவிட்டு, பரீட்சைக்குப் படிக்க உள்ளறைக்குப் போனாள்.

ஆட்டம் தொடங்கியது. இருபது நிமிடத்தில் எங்கள் கிளப் ஒரு கோல் போட்டது. ஓஹையோவில் என்றால் மேசையைத் தட்டிக் கத்தியிருப்போம். ஜெயசீலன் கையை மட்டும் மெல்லத் தேய்த்துக்கொண்டார். கேமரா ஒரு மூலையைக் காட்டியபோது திரையை நெருங்கி விரலை வைத்தார்.

“இங்கதான் சார் வீல்சேர் நிறுத்துற இடம். மழை வந்தா இந்தக் கம்பி வரைக்கும் சாரல் அடிக்கும். ஆர்தர் தாத்தாவுக்கு முட்டி வரைக்கும் ரப்பர் ஷீட் போட்டு விடுவேன்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார். ஏறக்குறைய இரண்டு வருடம் அவர் அந்த ஊரில் இருந்திருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. அங்கிருந்த ஆர்தர் என்பவர் ஆறு வயதிலிருந்து அந்த மைதானத்துக்குப் போகிறவர். கால் முடங்கிய பிறகு சனிக்கிழமைகளில் அவரைத் தள்ளிக்கொண்டு போவது ஜெயசீலனின் பொறுப்பு. நாற்காலியைத் தள்ளி வருகிறவருக்கும் உள்ளே இடம் கொடுப்பார்கள். முதல் நாள் சரியான சட்டைகூட இல்லாமல் நடுங்கிக்கொண்டு போனவருக்கு, ரயில் பாதைப் பக்கம் வேனில் தேநீர் விற்ற ஓர் அம்மா தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். கடைசியாகப் பார்த்தபோது அந்த அம்மாவுக்கு ஒரு கையில் கட்டுப் போட்டிருந்ததாம். பிறகு ஆர்தர் இறந்துபோனார். அதே மாதம் இல்லத்தையும் மூடிவிட்டார்கள். விசா போய், இவர் திரும்பிவிட்டார்.

குழுவில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யாரும் கேக்கல சார்” என்றார்.

இடைவேளை வந்தது. ஸ்டெல்லா தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெயசீலன் என் பக்கம் திரும்பி, எந்தக் குறையும் இல்லாத முகத்தோடு கேட்டார்.

“அன்னிக்கே கேட்டேன் சார், பதில் தெரியாமலே போச்சு. நீங்க எந்த கேட் வழியா உள்ள போனீங்க?”

தேநீரைக் கீழே வைத்தேன். “நான் போனதே இல்லைங்க” என்றேன்.

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. பொய் சொன்னதையும், அவர் கேள்வியைப் பார்த்துப் பயந்ததையும், அவரை நீக்கியதையும், விளம்பரம் போட்டார் என்று பழி போட்டதையும் வரிசையாகச் சொன்னேன். இன்னொரு தமிழர் இருப்பது பிடிக்காததையும் சொன்னேன். தொலைக்காட்சியில் யாரோ காப்பீட்டு விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா எழுந்து ஒலியைக் குறைத்தார்.

ஜெயசீலன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், எழுந்து போகச் சொல்வார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்போ என் இங்கிலீஷ் இல்லியா காரணம்?”

எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளறைப் பக்கம் திரும்பி, “பிரியா, இங்க வாம்மா. இவர் சொல்றத நீயும் கேக்கணும்” என்றார்.

அவள் வந்து கதவோரம் நின்றாள். நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். ஓர் இளம்பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்வது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“அந்தக் கேள்விய நான்தான் சரிபார்த்துக் கொடுத்தேன்” என்றாள். “கை குணமாச்சான்னு கேட்டதுல ஹேஸ் போடணுமா ஹேட் போடணுமான்னு அப்பாவுக்குச் சந்தேகம். நான் ஹேஸ்னு சொன்னேன். அதுலதான் தப்பு, அதனாலதான் படிச்சவங்க எடுத்துட்டாங்கன்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாரு. அதுக்கப்புறம் எதையும் என்கிட்ட காட்டறதில்ல.”

“அதுல தப்பே இல்லம்மா” என்றேன்.

“எனக்குத் தெரியும் சார்” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஸ்டெல்லா காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது சார், பாருங்க” என்றார். அண்ணா என்று கூப்பிட்டவர், அதற்குப் பிறகு அந்த வீட்டை விட்டு நான் கிளம்பும் வரை சார் என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. எதிரணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது இடி இடித்து மின்சாரம் போனது. ஜெயசீலன் தன் கைப்பேசியை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவே தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்தார். படம் நின்று நின்று ஓடியது. உள்ளங்கை அகலத் திரையைப் பார்க்க இருவரும் குனிந்ததில் எங்கள் தலைகள் ஏறக்குறைய முட்டிக்கொண்டன. நகர்ந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை.

கடைசி நிமிடத்தில் எதிரணி இரண்டாவது கோலும் போட்டது. கிளப் கீழே இறங்கிவிட்டது. திரையில் மக்கள் அழுதார்கள். ஒரு தகப்பன் தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். அந்த மழையில் நான் நின்றதில்லை என்பது அப்போது உறைத்த அளவுக்கு எப்போதும் உறைத்ததில்லை.

“ஆர்தர் தாத்தா நாலு தடவ பாத்திருக்காராம் இந்த மாதிரி” என்றார் ஜெயசீலன். “மறுநாள் காலைல அடுத்த வருஷ டிக்கெட் வாங்கப் போயிடுவாராம்.”

மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் கைப்பேசியை எடுத்து, குழுவுக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். நான் அந்த மைதானத்துக்கு வந்ததில்லை, பொய் சொன்னேன். ஜெயசீலன் விளம்பரம் எதுவும் போடவில்லை, நேர்மையாக ஒரு கேள்வி கேட்டார். என் பொய் வெளியே வந்துவிடும் என்று அவரை நீக்கினேன். அவர் அந்த ஊரில் வேலை பார்த்து, பல ஆட்டங்களை அங்கேயே பார்த்தவர். நிர்வாகி பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“பல ஆட்டம்னு போட வேணாம் சார். முப்பத்தொன்னு.”

“முப்பத்தொன்றா?”

“எண்ணி வெச்சிருக்கேன். டைரில இருக்கு.”

திருத்தினேன். மறுபடி வாங்கிப் பார்த்தார். பிரியாவைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார். “சரியா இருக்கா பாரும்மா” என்றார். அவள் மெழுகுவத்தியின் அருகே குனிந்து படித்து, ஓர் இடத்தில் காற்புள்ளி ஒன்றைச் சேர்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அனுப்பினேன்.

உங்களை மறுபடி குழுவில் சேர்த்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், சனிக்கிழமைகளில் தனியாகவே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை விட்டிருந்தது. சர்ச் வரை கூட வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஓட்டுநரிடம் எந்தப் பாலத்தைத் தவிர்க்க வேண்டும் என்று கன்னடத்தில் விளக்கிவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

“ஃபிளைட்டு நாளைக்கு ராத்திரிதானே? காலைல எங்க ஏரியா டீம் மேட்ச் இருக்கு. ஏழு மணிக்கு வாங்க.”

விடுதிக்குப் போகும் வழியெல்லாம் கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது. வெட்கமாக இல்லையா என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் இந்த நாளில் இதுவா முக்கியம் என்று எழுதியிருந்தார். ஓஹையோ நண்பர்களில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். பத்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை தின்றவர்கள். அவர்களுக்குத் தனியாக எழுதலாம் என்று தொடங்கி, ஊருக்குப் போய் நேரிலேயே சொல்ல வேண்டும் என்று நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஆட்டோ தடையில்லாமல் போனது. அல்சூர் ஏரியைத் தாண்டி, வீடுகளுக்கு நடுவே ஒரு செம்மண் மைதானம். முந்தின நாள் மழையில் ஒரு பக்கக் கோல் கம்பத்தின் முன் தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு பேர் கோணிப்பையால் அதை ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் சிமென்ட் படிகள். அதில் ஐம்பது, அறுபது பேர். சர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்தவர்கள் வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். ஜெயசீலன் ஆடுகளக் கோட்டுக்கு வெளியே ஐஸ் பெட்டியோடும் மருந்துப் பையோடும் உட்கார்ந்திருந்தார். அணியில் யாருக்கு அடிபட்டாலும் ஓடிப்போய்ப் பார்ப்பது அவர் வேலை. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார், படிகளைக் காட்டினார்.

ஆட்டம் தொடங்கியதும் எனக்கு முதலில் கேட்டது சத்தம். பந்தை உதைக்கும்போது வரும் அந்த அடியை நான் அதுவரை கேட்டதில்லை. தொலைக்காட்சியில் வர்ணனையாளரின் குரலுக்கு அடியில் அது அமுங்கிப்போகும். இங்கே நெஞ்சில் வந்து மோதியது. ஓடுகிறவர்களின் மூச்சு கேட்டது. தமிழில் பந்து கேட்டார்கள், கன்னடத்தில் திட்டினார்கள், உருதுவில் நடுவரிடம் நியாயம் கேட்டார்கள். ஒருவன் வழுக்கி விழுந்து என் முன்னால் வரை சறுக்கி வந்தான். சேறு என் கால்சட்டையில் தெறித்தது. ஜெயசீலன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவன் கணுக்காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் திருப்பிப் பார்த்தார். வேறு எதையும் பார்க்காமல், அவசரமில்லாமல் பார்த்தார். ஆர்தரின் முழங்காலுக்கு ரப்பர் விரிப்பு போட்டதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை நூறு ஆட்டங்கள் பார்த்திருப்பேன். ஒன்றைக்கூட இப்படிப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தவர் தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார். வெகுநேரமாக என்னைக் கவனித்திருக்க வேண்டும்.

“புதுசா இருக்கீங்க. எப்பவும் வருவீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. இன்னைக்குத்தான் முதல் தடவை மேட்ச் பாக்க வர்றேன்” என்றேன்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. “அங்க வெயில் ஏறும், இப்படி வாங்க” என்று சொல்லி, நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.